விலைக்கு விற்றும் விலைபோகாதார்

(செங்கற்பட்டில் தமிழன்பர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



மாமல்லபுரத்திற்கு அண்மையில் பூஞ்சேரி என்றோர் ஊர் உளது. கடற்கரைக் கோயிலைக் காண வரும் ஆயிரவருள் ஒருவர்தாமும் அங்குச் செல்வது அரிது. அவ்வூர்ப் பாறையொன்றில் பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பெற்றுள்ளன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்பன அவற்றுட் சில. மாமல்லைக் குன்றுகளைக் குடைந்த தச்சரும் கொல்லரும் இவரே என்பர் கல்வெட்டறிஞர். மாமல்லைத் தேர்க்கோயிலில் அரசனின் பட்டப்பெயர்கள் அடுக்கடுக்காய் நிற்கின்றன. உளி பிடித்தவன் பெயருக்கு அங்கு இடமில்லை. எனவேதான் சற்றே தள்ளிச் சென்று, தம் பெயரைத் தாமே வெட்டிக்கொண்டனர் போலும்! கூலிக்கு வெட்டிய பாறை அரசனுடையது. கூலியின்றி வெட்டிய பாறை அவருடையது.

படைப்பாளன் ஒருவன் தன் படைப்பைத் தானே ஆக்கி, தானே விற்று, எவர் வாயிலிலும் காத்துக் கிடவாது வாழ இயலுமா? பழைய செங்கற்பட்டு மாவட்டம் இவ்வினாவிற்கு இரண்டு விடைகளைத் தந்திருக்கிறது. ஒன்று பல்லாவரத்தில், மற்றொன்று ஈஞ்சம்பாக்கத்தில்.

பல்லாவரம் என்றதும் மறைமலையடிகள் நினைவிற்கு வருவார். 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் அவர். பட்டப் படிப்பிற்குத் தமிழ் கட்டாயமன்று எனப் பல்கலைக்கழகம் ஆக்கியபின், 1911இல் அப்பணியினின்றும் நீங்கிப் பல்லாவரத்திற் குடியேறினார். திங்கள்தோறும் தவறாது வந்த ஊதியம் அன்றோடு நின்றது. மனைவி, மக்கள் எனப் பெருங்குடும்பம். கையிலிருந்தது எழுத்தும் பேச்சும் மட்டுமே. (அக்கல்லூரியே 1937இல் நகரை நீங்கித் தாம்பரத்திற்கு வந்து சேர்ந்தது. அடிகள் முந்திக்கொண்டார், கல்லூரி கால் நூற்றாண்டு கழித்துப் பின்தொடர்ந்தது!)

அடிகள் யாது செய்தார்? தம் இடத்திலேயே திருமுருகன் அச்சுக்கூடத்தை நிறுவினார். எழுதுபவரும் அவரே, அச்சுப்படியைத் திருத்துபவரும் அவரே, பதிப்பிப்பவரும் அவரே. 1902இல் தொடங்கிய ‘ஞானசாகரம்’ என்னும் இதழே பின்னர் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. அது காலந்தவறாது வந்த இதழன்று. தாளுக்கும் மைக்கும் ஆள்கூலிக்கும் பொருள் சேர்ந்தபோதுதானே தனியொருவர் இதழ் வெளிவரும்? ஊர்தோறும் சென்று பொழிவாற்றிப் பொருள் ஈட்டினார். கடல் கடந்து ஈழத்திற்கும் சென்றார். அவர் பேச்சிற்குப் பணம் பெறுகிறாரே எனக் குறைபட்டுக்கொண்டவர் அந்நாளிலும் இருந்தனர். மருத்துவர்க்கும் வழக்குரைஞர்க்கும் கூசாது எண்ணிக் கொடுக்கும் கை, தமிழ்ப்புலவர்க்குக் கொடுக்குங்கால் மட்டும் ஏன் சுருங்குகிறது என்பதை அன்னோர் எண்ணிப் பார்த்ததில்லை.

சொந்த அச்சுக்கூடத்தால் விளைந்த நலம் ஒன்று உண்டு. 1916ஐ ஒட்டித் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்ட அடிகள், தாம் முன்னர் எழுதிய நூல்களின் மறுபதிப்புகளில் வடசொற்களைக் களைந்து தூய தமிழ்ச் சொற்களைப் பெய்தார். விற்றுக்கொண்டிருக்கும் நூலைச் சொல் சொல்லாக மாற்றுவது வணிகர்க்கு உகந்த செயலன்று. “உள்ளபடியே விற்கிறதே, ஐயா! எதற்கு இந்த வேலை?” என்றுதான் வேறொரு பதிப்பாளர் கேட்டிருப்பார். அவ்வாறு கேட்க அங்கு ஆளில்லை. தனித்தமிழ் வேரூன்றியமைக்குக் கரணியம் கூறுவோர் அடிகளின் புலமையைக் கூறுவர். பல்லாவரத்து அச்சுப்பொறியையும் உடன் கூறுதல் வேண்டும். ஈட்டிய பொருளுள் பெரும்பகுதியை நூல்கள் வாங்கவே செலவிட்டார். 1950இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 4000 நூல்கள் இருந்தன. 1958இல் அத்தொகுதியே சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையமாயிற்று.

இனி, ஈஞ்சம்பாக்கம். அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர். 2011இல் சென்னை மாநகராட்சியுட் சேர்ந்தது. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக விளங்கிய கே.சி.எசு. பணிக்கர், தம் மாணவர் படிப்பு முடித்ததும் யாதாகின்றனர் என்று பார்த்தார். விளம்பரப் பலகைக்கும் துணிக்கடைக் கோலத்திற்கும் கையை விற்றனர் சிலர். தூரிகையையே மறந்தனர் பலர். ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவார் நகரில் அரியர். அரசின் கையை எதிர்பாராது அவர் கண்ட வழி எளியது: வாங்கப்படும் பொருளைப் பகலிற் சில நாழிகை செய்வோம், வாங்கப்படாத ஓவியத்தை எஞ்சிய பொழுதில் தீட்டுவோம்.

அவ்வாறு அவர் கைக்கொண்ட தொழிலே மெழுகுச்சாயத் துணி. சாவகத் தீவினர் இதனைப் ‘பத்திக்’ என்பர். உருகிய மெழுகால் துணியிற் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகுள்ள இடத்தில் சாயம் ஏறாது. பின் வெந்நீரில் மெழுகை நீக்கிட, கோலம் வெளிப்படும். நிறந்தோறும் இவ்வாறே மெழுகிட்டுத் தோய்த்தல் வேண்டும். இத்தகு கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பொருளால் மணல்வெளியை வாங்கி, 1966இல் குடிசைகளும் சிறு வீடுகளும் அமைத்தனர். கே. இராமானுசம், சுல்தான் அலி, சேனாதிபதி, நந்தகோபால் முதலியோர் அங்கு வாழ்ந்து படைத்தனர்.

அவ்வூர்க்கு இட்ட பெயர் ‘சோழமண்டலம்’. கோவையிற் பிறந்த பணிக்கர் குடிவழியால் மலையாளியர். எனினும், வெள்ளையன் ‘கோரமண்டல்’ எனச் சிதைத்த கரைக்கு அதன் உண்மைப் பெயரைப் பலகையில் எழுதி நட்டவர் அவரே. அதே சாலையில் தமிழர் நடத்தும் விடுதிகளின் பெயர்களைப் படிப்போர் இதனை ஒப்பிட்டுக்கொள்க!

அங்கும் துயரில்லாமலில்லை. கனவுலகம் போன்ற கோட்டோவியங்களைத் தீட்டிய இராமானுசம் வறுமையோடும் தனிமையோடும் போராடி, 1973இல் இளமையிலேயே மறைந்தார். அவர் ஓவியங்கள் பின்னாளில் ஏலக் கூடங்களில் பெருந்தொகைக்குப் போயின. அத்தொகையில் ஒரு காசும் அவருக்கு ஒருவேளைச் சோறாகவில்லை. 1977இல் பணிக்கரும் மறைந்தார். ஊர் மட்டும் கலையவில்லை. 2009இல் அங்கு ஓர் ஓவியக் காட்சியகமும் எழுந்தது.

இன்றைய நிலை என்ன? அச்சிடுதல் எளிதாகிவிட்டது, கணிப்பொறியின் துணையால் 50 படிகள் மட்டுங்கூட அச்சிடலாம். விற்றல்தான் எளிதாகவில்லை. கடைக்காரர் கேட்கும் கழிவு விலையில் மூன்றிலொரு பங்கைத் தொடும். விற்ற தொகை கைக்கு வர ஆண்டும் ஆகலாம். ஓய்வூதியத்தைப் போட்டு நூலை அச்சிட்ட தமிழாசிரியர் வீட்டுப் பரணில் கட்டுகள் அவிழ்க்கப்படாமலே கிடக்கின்றன. “ஐயா, நூல் வெளிவந்துவிட்டதாமே! நமக்கொரு படி இல்லையா?” என்று கேட்பவர் யார்? பகைவரல்லர்; கன்னடரோ வடவரோ அல்லர். மேடையில் அருகமர்ந்து தமிழ் வாழ்க என முழங்கிய நண்பரே! அன்பளிப்பாகப் பெற்றுச் சென்ற படியில் பக்கம் பிரிபடாதிருப்பதும் உண்டு. விலைகொடுத்து வாங்கியவனோ, கொடுத்த காசிற்காகவேனும் படிக்கிறான்.

இவ்வரங்கின் வாயிலருகே பலகையிட்டு, இம்மாவட்டத்து எழுத்தாளர் சிலர் தம் நூல்களைத் தாமே பரப்பி வைத்துள்ளனர். மாமல்லையிலிருந்து வந்த கற்சிற்பி ஒருவரும் கையளவுச் சிற்பங்களோடு அமர்ந்திருக்கிறார். விலை ஒவ்வொன்றிலும் எழுதப்பட்டுள்ளது. குறைத்துக் கேட்க வேண்டா. நன்றியுரைக்குப் பின் தேநீர் உண்டு. அதற்கு முன்னர் அப்பக்கம் சென்று வருக.