லாரியின் பிரேக் லைட்டும் நாம் படித்த ஓம் விதியும்



"பத்து நிமிஷம் ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்றார் நமது சங்கச் செயலாளர். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் பேசப்போவதோ ஒரு பழைய லாரியின் பிரேக் லைட் பற்றி. சிரிக்காதீர்கள். முதலாண்டு லேபில் நாம் எல்லோரும் போட்டுவிட்டு மறந்த ஓம் விதிதான் இதில் கதாநாயகன்.

நாமக்கல்லில் என் தாய்மாமாவுக்கு ஒரு பழைய லாரி உண்டு. ஒரு முறை விடுமுறைக்குப் போயிருந்தபோது டிரைவர் வந்து, பிரேக் லைட் இரண்டும் எரியவில்லை என்றார். "மாப்ளே இன்ஜினீயராச்சே, பாத்துடுவான்" என்றார் மாமா. நானும் மல்டிமீட்டரோடு இறங்கினேன்.

பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். பேட்டரியிலிருந்து பியூஸ், அங்கிருந்து பிரேக் சுவிட்ச், பிறகு நீளமான ஒயர், பின்னால் பல்பு, கடைசியில் எர்த். இவ்வளவுதான் சுற்று. ஏர் பிரேக் வண்டியில் அந்தச் சுவிட்சைக் காற்றழுத்தம் இயக்கும். பின் பல்பு ஒவ்வொன்றிலும் இரண்டு இழைகள்: இரவில் எரிய 5 வாட், பிரேக்குக்கு 21 வாட்.

பியூஸ் பார்த்தேன், சரி. பல்புகளைக் கழற்றிப் புதிது வாங்கினேன். போடுவதற்கு முன், டிரைவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, மீட்டரின் சிவப்பு முனையை ஹோல்டரிலும் கருப்பு முனையைச் சேசிஸிலும் வைத்தேன். 24 வோல்ட்! பல்பைப் போட்டு ஒயரை இரண்டு ஆட்டு ஆட்டினேன். பளிச்சென்று எரிந்தது. "ரெடி மாமா" என்று கையைக் கழுவிவிட்டேன்.

மறுநாள் இரவு, மாடு குறுக்கே வந்ததென்று டிரைவர் பிரேக் அடிக்க, பின்னால் வந்த மொபட்காரர் லாரியில் மோதிவிட்டார். கால் எலும்பு முறிந்தது, உயிர் பிழைத்தார். "பின்னாடி லைட்டே எரியலைங்க" என்பதையே ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா என்னைத் திட்டவில்லை. "பாத்துட்டேன்னு சொன்னியே மாப்ளே?" என்று மட்டும் கேட்டார்.

வண்டியை லாரிப்பேட்டையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். அவர் பின்பக்கம் போகவே இல்லை. வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "பிரேக்க மிதிங்க" என்றார். முன்னால் இருந்த பார்க்கிங் லைட் லேசாக மினுங்கியது. "பாருங்க தம்பி, பின்னாடி எரிய வேண்டியது முன்னாடி எரியுது. எர்த்து போகலைங்க. கரண்டு வேற வழி தேடிக்கிட்டு ஓடியாருது" என்றார்.

பின்விளக்குகள் இரண்டுக்கும் ஒரே எர்த் ஒயர். அதைச் சேசிஸில் பிடித்திருந்த போல்ட்டில் துரு. போக வழியில்லாத மின்சாரம் 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பார்க்கிங் லைட் வரை போயிருக்கிறது. அடுத்து ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினார். பின்னால் மங்கலாகச் சிவப்பு தெரிந்தது. பிரேக்கை மிதித்ததும் அதுவும் அணைந்தது! அதிக மின்னோட்டம் கேட்டதும் கிடைத்த வோல்டேஜ் எல்லாம் துருவிலேயே விழுந்துவிட்டது. லாரி நிற்கும்போது சிவப்பு கூட வேண்டும், இங்கே மறைந்தது. மொபட்காரர் கண்டது இதைத்தான்.

என் மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. கருப்பு முனையைச் சேசிஸில் வைத்ததால், பழுதான எர்த் ஒயர் அளவுக்குள்ளேயே வரவில்லை. அந்த ஒயரிலேயே வைத்திருந்தாலும், பல்பு இல்லாமல் அளந்தால் 24-தான் காட்டியிருக்கும். காரணம், மீட்டர் இழுப்பது மைக்ரோ ஆம்பியர். 21 வாட் பல்பு இழுப்பது கிட்டத்தட்ட 0.9 ஆம்பியர். மின்னோட்டம் ஓடினால்தானே வோல்டேஜ் இறங்கும்! 1827-ல் ஓம் எழுதிவைத்தது. நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியது.

அங்கேயே சரியாக அளந்தேன். பல்பு இருக்க, பிரேக் மிதித்திருக்க, ஒரு முனை ஹோல்டரின் உடம்பில், மறுமுனை பேட்டரியின் நெகட்டிவில். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 18 காட்டியது. போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒயர் முனையைப் புதிதாகப் போட்டு, மேலே வாசலின் தடவினார் பெரியவர். கால் மணி நேர வேலை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்ன இன்னும் சில: இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அணைந்தால் பல்பைக் குறை சொல்லாதீர்கள், பியூஸ், சுவிட்ச், எர்த் பாருங்கள். சுவிட்சின் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்து விளக்கு எரிந்தால் சுவிட்ச்தான் பழுது. பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடாதீர்கள். எங்கோ ஒயர் சேசிஸில் உரசுகிறது என்று அர்த்தம். விளக்கைப் பகலில் மட்டும் பார்க்காதீர்கள். இரவில் ஹெட்லைட் எரிய, பிரேக்கை மிதித்துப் பாருங்கள். ஒயரை ஆட்டியதும் எரிந்தால் பழுது தீரவில்லை, ஒளிந்துகொண்டது.

அந்தக் கடைசி வரியைத்தான் நண்பர்களே, என் ஆபீஸ் மேஜை மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். மொபட்காரரின் வைத்தியச் செலவை மாமாவும் நானும் ஏற்றுக்கொண்டோம். அவர் இன்று நடக்கிறார், சற்றுச் சாய்ந்து. நான் "ரெடி" என்ற சொல்லை இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்வதில்லை.

இன்றிரவு வீடு திரும்புமுன் உங்கள் வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லி, பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு.