கட்டட வேலையில் நேரும் விபத்துகள்

(செஞ்சியில் கூடிய நம் சங்கத்தார் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்து நிற்கும் கோட்டையின் அடிவாரத்தில் நாம் கூடியிருக்கின்றோம். இராஜகிரியின் உச்சி தரையினின்று ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. 1677-ல் சிவாஜி இக்கோட்டையைக் கைக்கொண்டதும், 1714-ல் தேசிங்குராஜன் போரிற்பட்டதும், 1750-ல் பிரெஞ்சுக்காரர் ஓரிரவில் இதனைப் பிடித்ததும் சரித்திரத்தில் ஏறியுள்ளன. 2025-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலக மரபுச் சின்னங்களுள் இதனையும் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும், உச்சிக்குக் கல்லேற்றுகையிற் கால் வழுக்கி மாண்ட ஒருவனுடைய பெயரேனும் இங்கே கல்லில் வெட்டப்பட்டதாக நாம் கண்டதில்லை. அக்காலத்து வழக்கம் அதுவென்று விட்டுவிடலாம். இக்காலத்திலும் அதுவே வழக்கமாயிருப்பதனாலன்றோ இன்று இவ்விஷயத்தைப் பேச எடுத்துக்கொண்டோம்.

சாரத்திலிருந்து ஒருவன் விழுந்தானென்றால் நம்மவர் வாயில் முதலில் வருஞ் சொல் யாது? "அவன் ஆயுசு அவ்வளவுதான்" என்பதே. விதியை நாம் மறுக்க வந்தோமல்லோம். ஆனால் அறுந்த கயிறு மூன்று வருஷத்துப் பழைய கயிறு என்பதையும், அதை மாற்றச் சில நூறு ரூபாய் போதும் என்பதையும் விதியின் கணக்கில் எழுதுவது நியாயமாகுமா? ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஆண்ட ஹம்முராபி, கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் மாண்டால் கட்டியவன் தலையை வாங்கவேண்டும் என்று சட்டஞ் செய்தான். கொடிய சட்டந்தான். எனினும் இடிவதற்குக் காரணம் மனிதனென்று அவன் கண்டான். கட்டும்போதே மாண்டுபோகும் கொத்தனைப் பற்றி அச்சட்டத்திலும் ஒரு சொல் இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

2014-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி, சனிக்கிழமை மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் மழைவேளையில் அடியோடு சரிந்தது. 61 பேர் மாண்டனர். தெலுங்கு நாட்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஜில்லாக்களிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைகள் அவர்கள். இடி விழுந்ததே காரணம் என்று கட்டியவர் தரப்பில் முதலிற் கூறப்பட்டது. நீதிபதி ரெகுபதி அவர்கள் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. ஆராய்ந்தவர்கள் வானத்தைக் குற்றஞ் சொல்லவில்லை. கட்டடத்தின் அமைப்பிலேயே குற்றங் கண்டனர். பக்கத்தில் இடியாமல் நின்ற இரட்டைக் கட்டடத்தையும் 2016 நவம்பர் 2-ந் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். நின்று கொண்டிருந்ததும் நம்பத்தக்கதாய் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டா.

அது பட்டணத்துப் பெருங்கட்டடம். நம் செஞ்சியில் ஒரு மாடி, இரண்டு மாடிதானே என்று சிலர் எண்ணக்கூடும். பத்தடி உயரத்திலிருந்து தலைகீழாய் விழுந்தவனுக்கு அது பதினொரு மாடிக்குக் குறைந்ததன்று. கட்டட வேலையில் ஆண்டுதோறும் 60,000 பேருக்குக் குறையாமல் மாள்கின்றனர் என்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் மதிப்பிட்டது. பத்து நிமிஷத்துக்கு ஓர் உயிர். எந்தத் தேசத்திலும் இவ்வாறு மாள்வோரிற் பலர் உயரத்திலிருந்து விழுந்தவரே.

நம் ஊர்ச் சாரத்தைப் பாருங்கள். சவுக்குக் கம்பத்தைக் குழியில் நடாமல் தரைமேல் நிறுத்துகின்றனர். மழை பெய்து மண் இளகினால் அது ஒரு புறம் இறங்கும். குறுக்குக் கம்பம் இருக்கும். சாய்வுக் கம்பம் இராது. மேலே மிதிக்க ஒற்றைப் பலகை. அதன் இரு முனையும் கட்டப்படாமையால் ஒரு முனையில் ஆள் நின்றால் மறுமுனை எழும்பும். கைப்பிடிக் கம்பு கட்டுவதென்றால் மேஸ்திரி நகைப்பார். இவ்வளவுக்கும் மேலே கல்லும் கலவையும் அடுக்கி, இரண்டு கொத்தர் நிற்பர். பழகிய கால் வழுக்காது என்பது நம்மவர் நம்பிக்கை. பழகிய காலே பாராமல் மிதிக்கின்றது என்பதே நாம் கண்டது. சித்திரை வைகாசியில் இக்குன்றுகளின் பாறை அனலைக் கக்கும்போது, நண்பகலில் வெறும் வயிற்றோடு சாரத்தில் நிற்பவனுக்குக் கண் இருண்டு வருவது இயல்பு. அப்பொழுது விழுந்தவனைக் குடித்திருந்தான் என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். குடி கேடென்பதில் ஐயமில்லை. ஆனால் கைப்பிடி இல்லாத சாரத்துக்கு அது மறுமொழி ஆகாது.

அடுத்தது சென்டரிங். இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கின்றது. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு ஐந்தங்குலத் தளம் போட்டால், அந்த ஈரக் கான்கிரீட்டும் கம்பியும் ஏறக்குறைய மூன்று டன் இருக்கும். அதன்மேல் ஆட்களும் பாண்டும் ஓட்டமுமாய் ஒரு சந்தையே நடக்கும். இத்தனையையும் தாங்குவன கீழே நிற்கும் முட்டுகளே. நீளம் போதாத சவுக்குக் கம்பத்தின் அடியில் செங்கல் இரண்டை அடுக்கி நிறுத்துவது நம்மவர் வழக்கம். இயந்திரம் அதிரும்போது செங்கல் நகரும்; ஒரு முட்டு விலகினால் அதன் பாரம் அடுத்ததன்மேல் ஏறும்; அதுவும் விலகும். கான்கிரீட் போடும் நாளில் தளம் சரிவதெல்லாம் பெரும்பாலும் இவ்வண்ணமே. அந்நேரம் கீழே நின்று முட்டைச் சரிபார்க்கப் போனவன் நிலை என்னாகும்?

பிரிக்கும் நாளிலும் இதே அபாயம். சென்டரிங் பலகை வாடகைக்கு எடுத்தது. நாளொன்றுக்குக் காசு ஏறுகின்றது. ஆகவே நான்காம் நாளே பிரித்துவிடத் துடிக்கின்றனர். அரசாங்க நிர்ணயமாகிய 'ஐ.எஸ். 456' சொல்வது யாது? சாதாரணச் சிமெண்டால் போட்ட தளத்துக்கு, நாலரை மீட்டர் அகலம் வரை 7 நாளும், அதற்கு மேற்பட்டால் 14 நாளும் முட்டு நிற்கவேண்டும். உத்தரத்துக்கு ஆறு மீட்டர் வரை 14 நாள். அதற்கு மேல் 21 நாள். சாம்பல் கலந்த சிமெண்டு இறுகத் தாமதமாகுமாதலின் இன்னுஞ் சில நாள் பொறுத்தல் நலம். இவ்வெண்களை எழுத்தறிந்தவர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; அறியாதவர் மனத்திற் கொள்ளுங்கள்.

கடைக்கால் தோண்டுகையில் ஐந்தடிக்கு மேற்பட்ட பள்ளத்துக்குப் பக்கப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கவேண்டும். அல்லது பக்கத்தைச் சரிவாய் வெட்டவேண்டும். எடுத்த மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பது, உள்ளே நிற்பவன் தலைமேல் நாமே மண்ணைத் தள்ளுவது போலாம். கம்பி நாற்பதடி நீளம் வரும். அதை நிமிர்த்தி மேலேற்றும்போது தெருவின் மின்சாரக் கம்பி எங்கே செல்கிறதென்று பார்ப்பவர் சிலரே. மாடிப்படிக்கு விட்ட துவாரத்தை வெறும் சாக்கால் மூடி வைப்பது இன்னொரு கேடு. தலையிற் பாண்டு சுமந்து வரும் சித்தாள் கீழே பார்க்க இயலாதவள். அவளே அதில் விழுகின்றாள்.

சட்டம் இல்லையா எனின், உண்டு. 1996-ல் கட்டடத் தொழிலாளருக்கென மத்திய அரசாங்கம் சட்டஞ் செய்தது. 2020-ம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் அது அடக்கப்பட்டது. ஆனால் இரண்டும் பத்துப் பேர் வேலை செய்யுமிடத்தைக் குறித்தே பேசுகின்றன. நம் ஊரில் ஒரு வீட்டு வேலைக்கு ஆறு பேர், ஏழு பேர். ஆதலின் நம் சாரத்தைப் பார்வையிட எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. வரக்கூடியவர் மேஸ்திரி ஒருவரே. அம்மேஸ்திரிகளுள் பலர் இச்சபையிலேயே இருக்கின்றனர். அவர்களிடம் வேலை செய்வோரும் நம்மவரே. ஆகவே அயலார்மீது பழி போட்டுவிட்டு நாம் எழுந்து போக வழியில்லை.

மேஸ்திரிகளிடம் நாம் கேட்பது அதிகமன்று. வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் மதிப்பீட்டிலேயே சாரத்துக்கும் முட்டுக்கும் தலைக்கவசத்துக்கும் தனி வரி எழுதுங்கள். மற்றொருவர் குறைந்த தொகைக்கு வருகிறாரே என்று வீட்டுக்காரர் சொன்னால், அவர் எதைக் குறைத்தார் என்று கேட்கச் சொல்லுங்கள். நம் சங்கத்து மேஸ்திரிகள் அனைவரும் ஒருமிக்க அவ்வரியை எழுதினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஒருவர் மட்டும் எழுதினால் அவர் வேலையை இழப்பார். இதற்காகவே இதனைத் தனித்தனியே சொல்லாமல் சபையிற் சொல்லுகின்றோம்.

இனி, விழுந்தவனைக் கையும் காலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடித்துப் போடுவதை நிறுத்துங்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அவ்வாறு தூக்குவதே அவனை முடவனாக்கிவிடும். அசையாமற் கிடத்தி 108-க்குத் தெரிவியுங்கள். கண்ணிற் சிமெண்டு தெறித்தால் தேய்க்காமல் நல்ல நீரால் நெடுநேரம் கழுவி வைத்தியரிடம் செல்லவேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் ஏற்பட்டது. 18 வயது முதல் 60 வயது வரையிலுள்ள கொத்தர், தச்சர், கம்பி கட்டுவோர், சித்தாள் யாவரும் அதிற் பதியலாம். சித்தாள்களைப் பதிவதில் நம்மவர் காட்டும் அசட்டை வருந்தத்தக்கது. அவர்களுடைய பெயர்களே முதலில் எழுதப்படவேண்டும். ஆதார் அட்டையும் புகைப்படமும் கொண்டு வருவோருக்கு மனு எழுதிக் கொடுக்க, எழுத்தறிந்த வாலிபர் நால்வர் இக்கூட்டம் முடிந்ததும் வாயிலண்டை மேஜை போட்டு அமர்ந்திருப்பர்.