பூசணம் இருக்கா, இல்லையா: வீட்டுச் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

கடலை மிட்டாய், இட்லிப்பொடி, மிளகாய்த்தூள், சத்துமாவு என்று நம்ம குழுக்கள் செய்து விற்கிற பொருள்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். விற்பனையைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நான் பூசணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நம்ம எல்லாரிடமும் ஒரு சோதனை உண்டு. கையில் அள்ளி மோந்து பார்ப்போம். மக்கின வாடை வந்தால் ஒதுக்குவோம். கடித்துப் பார்த்துக் கசந்தால் துப்புவோம். சொளகில் புடைத்துச் சொத்தையைப் பொறுக்குவோம். அம்மா செய்தது, அப்பத்தா செய்தது, நாமும் செய்கிறோம். இந்தச் சோதனை ‘கெட்டது’ என்று சொன்னால் தாராளமாக நம்பலாம். ‘நல்லது’ என்று சொன்னால்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் என்றால், பூசணம் வேறு, அது விடுகிற விஷம் வேறு. நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வத்தல், கொப்பரை இதிலெல்லாம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒரு பூசணம் பிடிக்கும். அது அஃப்லாடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கும், நாள்பட்டால் ஈரலில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். பூசணத்தைக் கண்ணால் பார்க்கலாம், துடைக்கலாம். விஷத்தைப் பார்க்க முடியாது, மோந்தும் தெரியாது. மேற்கொண்டு பலகாரமோ பொடியோ செய்யப் போகிற கடலையில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அதாவது ஆயிரம் கிலோ கடலைக்கு 15 மில்லிகிராம். ரெண்டு விரலில் எடுக்கிற ஒரு சிட்டிகை உப்பு அதைவிடப் பல மடங்கு. இதை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்?

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்துவிழுந்தன. காரணம் தெரியாமல் தவித்து, பிறகுதான் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத் தீவனம் என்று கண்டார்கள். இந்த விஷத்துக்குப் பெயரே அதற்கப்புறம் வந்ததுதான். நம்ம நாட்டில் 1974 கடைசியில், ராஜஸ்தான் பன்ஸ்வாரா, குஜராத் பஞ்ச்மகால் மாவட்டங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட ஆதிவாசி மக்கள் 397 பேருக்கு மஞ்சள் காமாலை வந்து, 106 பேர் இறந்துபோனார்கள். வீட்டு நாய்களுக்கும் அதே நோய். வேறு தானியம் இல்லாத வீடுகள் அவை.

போன ஐப்பசியில் எங்க குழு கடலை மிட்டாய்க்காகக் கடலைப் பருப்பு மூட்டை வாங்கியது. மேலே பளபளவென்று இருந்தது. பாதிக்குக் கீழே ஈரம், அடியில் பச்சை பூத்திருந்தது. கொடுத்தவர் திருப்பி எடுக்கவில்லை. ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாது, அதுவும் கடன் வாங்கின காசு. பன்னிரண்டு பேரும் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் வாதாடினோம். ஆளுக்கொரு யோசனை.

வெயிலில் போடலாம் என்றார் ஒருத்தர். வெயில் பூசணம் மேலும் வளராமல் தடுக்கும், ஏற்கெனவே ஊறின விஷம் அப்படியே இருக்கும். நல்லா வறுத்தால் போகும் என்றார் இன்னொருத்தர். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. அந்த விஷம் சிதைய 230 டிகிரிக்கும் மேலே சூடு வேண்டும், அதற்குள் கடலை கரியாகிவிடும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதை எடுத்துவிடலாம் என்றது அடுத்தது. சொத்தை கொஞ்சம் மிதக்கும், அடியில் நின்றதெல்லாம் சுத்தம் என்று அர்த்தமில்லை. செக்கில் ஆட்டிவிடலாம் என்றார்கள். விஷத்தில் பெரும்பங்கு புண்ணாக்கில் நிற்கும், செக்கெண்ணெயிலும் கொஞ்சம் வரும். சரி, மாட்டுக்காவது போடலாமே என்றார் எங்க பெரியம்மா. மாடு தின்றால் பாலில் வருகிறது, அந்தப் பாலை நம்ம பிள்ளைதான் குடிக்கிறது. கடைசியில் மேல்பாதியையும் சேர்த்துக் குழி வெட்டி மூடினோம். கணக்கில் நஷ்டம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மேல்பாதியைப் புதைத்ததில் ரெண்டு பேருக்கு இன்னும் வருத்தம். ஆனால் அது நல்லது என்று சொல்ல எங்க கையில் ஒரு சோதனையும் இல்லையே.

வீட்டுச் சோதனை எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. கம்பில் தேன் ஒழுகல் நோய் வந்தால் கறுப்பாக ஒரு பூசணக் கட்டி விழும். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து விதைக் கம்பைக் கொட்டினால் கட்டி மிதக்கும், எடுத்துப்போட்டுவிட்டு நல்ல தண்ணீரில் ரெண்டு மூன்று தடவை அலசலாம். அங்கே கேடு இருப்பது அந்தக் கட்டியில், அது கம்பைவிட லேசு. அதனால் பலிக்கிறது. கடலையில் அப்படி இல்லை.

ரூபாய் நோட்டு பார்க்கிற நீல விளக்கை அடித்தால் தெரியும் என்கிறார்கள். அதில் மினுங்குவது பூசணம் விடுகிற வேறொரு பொருள். மினுங்காததால் விஷம் இல்லை என்று ஆகாது. வீட்டுச் சுவர்ப் பூசணம் பார்க்க ஒரு தட்டு விற்கிறது, திறந்து வைத்தால் பூசணம் வளரும். காற்றில் பூசண வித்து எப்பவும் இருக்கும், மூடி வைத்த சோற்றிலேயே பூக்கிறது. எந்த வீட்டில் வைத்தாலும் ‘இருக்கு’ என்று சொல்கிற தட்டுக்கு எதுக்குக் காசு? சுவரில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து ஓட்டை மாற்றினால் ஆச்சு.

விஷத்தின் அளவைச் சொல்வது ஆய்வகம்தான். மதுரையில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. வாங்குகிறவர் யாரும் கட்டணம் கட்டிப் பொருளைச் சோதிக்கக் கேட்கலாம் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. விஷம் மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, சில பருப்புகளில் மட்டும் அளவுக்கு மீறி இருக்கும். மேலே ஒரு பிடி அள்ளி அனுப்பினால் ஆய்வகமும் ‘நல்லது’ என்றே சொல்லும். மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்து, ஒன்றாய்க் கலந்து, பொடித்து, அதிலிருந்து அனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக இந்தச் செலவைத் தாங்காது. அதனால் என் வேண்டுகோள் ரெண்டு. மழைக்கு முன்னாடியே எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்துக் கூட்டமைப்பே கடலை வாங்கி, ஒரே தடவை சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு பிரித்துக் கொடுக்க வேண்டும். அடுத்தது, ஈரப்பதம் பார்க்கிற கருவி ஒன்று வாங்க வேண்டும். பருப்பில் ஈரம் ஏழெட்டு சதவீதத்துக்குள் இருந்தால் பூசணம் பிடிக்காது, அதை நாமே மூட்டை இறக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கருவி பற்றி விசாரித்து, விலையை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் ரெண்டையும் எழுதிக்கொள்ளும்படி செயலாளர் அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.