கரண்டு வைப்பதும் தலையெழுத்தும்



வாயிலும் தொண்டையிலும் காணும் புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் "கரண்டு வைப்பது" என்று நம் ஜனங்கள் சொல்லுகின்றார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சையைப் பற்றியே இன்று பேச வந்திருக்கின்றோம். அது கரண்டல்ல, எக்ஸ்ரேயைப் போன்ற, ஆனால் அதைவிட வலுவுள்ள கதிர். வாரம் 5 நாள் வீதம் 6, 7 வாரம் வைப்பார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வாய் புண்ணாகி, எச்சில் வற்றி, சோறு இறங்காமற் போகின்றது. உடனே "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிக் கொண்டு பாதியில் ஊருக்குத் திரும்பி விடுகின்றவர்கள் உண்டு. இதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. இடையில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் நோய் மறுபடியும் பெருகத் தொடங்கும்.

எச்சில் வற்றுவது ஏன்? காதின் அடியில் இருபுறமும் எச்சில் ஊறும் சுரப்பிகள் இருக்கின்றன. பழைய முறையில் கதிர் அவற்றின் மீதும் விழுந்தது. பிறகு, பல திசைகளிலிருந்து வேறு வேறு அளவில் கதிரைச் செலுத்திச் சுரப்பியைக் காக்கும் முறை வந்தது. தொண்டைப் புற்றுநோய் கண்ட 94 பேரிடம் பிரிட்டனில் இரண்டு முறைகளையும் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷத்துக்குப் பின் வாய் வறட்சியால் அவதிப்பட்டவர்கள் பழைய முறையில் 100க்கு 74 பேர். புது முறையில் 38 பேர். தலையெழுத்தாயிருந்தால், கதிர் வைக்கும் முறையை மாற்றியதும் அந்த எழுத்து அழிந்துவிடுமா என்று கேட்கின்றோம்.

அடுத்தது பல். சொத்தைப் பல்லைக் கதிர் வைக்கும் முன்பே பிடுங்கிப் புண் ஆறவிட வேண்டும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பயந்து தள்ளிப் போடுகின்றார்கள். பல்லுக்கும் பார்வைக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கதிர்பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினாலோ, புண் ஆறாமல் எலும்பே செத்துப் போகக்கூடும். வீண் பயத்துக்கு இடம் கொடுத்து, மெய்யான ஆபத்தை விலைக்கு வாங்குவதா?

தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சோடா மாவும் கரைத்து அடிக்கடி வாய் கொப்பளியுங்கள். காரம், சாராயம், பீடி, வெற்றிலை புகையிலை எதுவும் கூடாது. வாய் திறக்கவும் விழுங்கவும் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யாவிட்டால் தாடை இறுகிப் போகும். கழுத்தில் டாக்டர் சொல்லாத எண்ணெயோ திருநீறோ பூச வேண்டாம். மிருதுவாகக் கழுவுவதில் தோஷமில்லை.

மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றினால் "கடைசிக் காலம் வந்துவிட்டது" என்று வீட்டார் அழுகின்றார்கள். அது அப்படியல்ல. புண் ஆறும் வரை உடம்பு இளைக்காமல் இருக்கத்தான் அந்தக் குழாய். உடம்பு இளைத்தால், முகம் அசையாமலிருக்கப் போடும் முகமூடி தொளதொளத்துப் போய், கதிர் குறி தவறவும் கூடும். விழுங்க வந்ததும் குழாயைக் கழற்றி விடுவார்கள்.