சிரிகு ஊர்ப் பெண்களோடு இரண்டு நாள்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கூடை பின்னுகிற குழுக்களும் மண்பாண்டக் குழுவும் வந்திருப்பதால், ஆப்பிரிக்கா போய் வந்த கதையைச் சொல்லுங்கள் என்று தலைவி கேட்டுக்கொண்டார். 2023 ஜனவரியில் நானும் என் வீட்டுக்காரரும் கானா நாட்டுக்குப் போயிருந்தோம். மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோரமாக இருக்கிற நாடு. நம்மைப் போலவே வெள்ளைக்காரனிடம் இருந்தது, 1957-ல் விடுதலை வாங்கியது. அங்கே தேமா என்ற துறைமுக ஊரில் என் நாத்தனார் குடும்பம் இருக்கிறது. அவர்களைப் பார்க்கத்தான் போனோம். போவதற்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்று வாங்கணும். அது இல்லையென்றால் அங்கேயும் உள்ளே விட மாட்டார்கள், திரும்பி வரும்போது இங்கேயும் பிடித்துத் தனியாக வைத்துவிடுவார்கள்.

நாத்தனார் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு, ராத்திரி பஸ் ஏறி வடக்கே கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் போனோம். பொல்கடாங்கா என்ற டவுன். அங்கிருந்து வண்டி பிடித்து, புர்கினா பாசோ எல்லைப் பக்கம் இருக்கிற சிரிகு என்ற சின்ன ஊர். ஜனவரியில் அங்கே சகாரா பாலைவனத்திலிருந்து வறண்ட காற்று அடிக்கிறது. தலை, துணி, சாப்பாடு எல்லாவற்றிலும் புழுதி. என் வீட்டுக்காரர், "ஊர் சுற்ற இதைவிட நல்ல மாசம் கிடைக்கலையா?" என்றார். ஆனால் அதுதான் சரியான மாசம். அறுப்பு முடிந்து மழை இல்லாத இந்த நாட்களில்தான் அங்கே பெண்கள் சுவருக்கு ஓவியம் தீட்டுகிறார்கள்.

வீடு எல்லாம் மண் வீடு, வட்ட வட்டமாக ஒரு முற்றத்தைச் சுற்றி இருக்கும். சுவர் எழுப்புவது ஆண்கள். பூசுவதும் ஓவியம் தீட்டுவதும் பெண்கள் மட்டும். மண்ணோடு சாணத்தைக் கலந்து பூசி, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்றே நிறம். செம்மண்ணையும் கல்லையும் அரைத்து எடுத்த நிறம்தான், கடையில் வாங்கியது இல்லை. கடைசியில் தவாதவா என்ற மரத்தின் காய் ஓட்டை வேகவைத்த தண்ணீரைத் தெளித்தால் நிறம் சுவரில் பிடித்துக்கொள்கிறது. அதே மரத்தின் விதையைப் புளிக்க வைத்துக் குழம்பில் போடுகிறார்கள். உடைந்த சுரைக்குடுக்கை ஓடு மாதிரி முக்கோணம், குடுக்கைகளைக் கட்டித் தொங்கவிடும் வலை, மாட்டுக் கொம்பு, மலைப்பாம்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். மலைப்பாம்பு வீட்டைக் காக்கும் என்பது நம்பிக்கை.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேட்பீங்க. மாவைக் கிண்டிக் களி, அதற்கு வெண்டைக்காய்க் குழம்பு. பேர் மட்டும்தான் வேறு, துவோ சாஃபி. வலது கையால் பிய்த்துச் சாப்பிடணும். இடது கையால் எதையும் கொடுக்கவும் வாங்கவும் கூடாது. நமக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே வரவில்லை.

அங்கே 1997-ல் மெலனி கசிசே என்ற அம்மா முன்நின்று ஒரு பெண்கள் சங்கம் தொடங்கினார். சுவர் ஓவியம், மண்பாண்டம், கூடை பின்னல் மூன்றும்தான் அதன் தொழில். சொந்தமாக ஒரு வளாகம், வந்தவர்கள் தங்க ஓவியம் தீட்டிய வட்ட வீடுகள், ஒரு கடை. சுவரில் போடுகிற அதே ஓவியத்தைத் துணியிலும் போட்டு விற்கிறார்கள். பணம் கட்டினால் நமக்கும் கற்றுத் தருகிறார்கள். நான் பணம் கட்டி உட்கார்ந்தேன், முக்கோணம் ஒன்றுகூட நேராக வரவில்லை. என் வீட்டுக்காரரும் ஆசையாகத் தூரிகையை எடுத்தார். ஒரு பாட்டி அதை வாங்கி வைத்துவிட்டு, மண் மிதிக்க அனுப்பிவிட்டார். எல்லோரும் அப்படிச் சிரித்தார்கள். மனுஷர் ஒரு மணி நேரம் மிதித்தார். நம்ம வீட்டு வேலையில் அவர் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். சங்கத்தின் பெண் ஒருத்தி ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். போய்ப் பார்த்தால் அவர் வீடு சிமெண்ட் கல், தகரக் கூரை. சுவரில் ஒரு கோடுகூட இல்லை. எனக்கு முகம் வாடிப்போனதை அந்த அம்மா கவனித்துவிட்டார். "மண் சுவரை மழை கரைக்கும், நாலஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்பப் பூசணும். இப்போது மழை ராத்திரியில் தூங்குகிறேன்" என்றார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாம், ஐயோ சிமெண்ட் வந்து அழகு போச்சே என்று வருத்தப்படுகிறார்களாம். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நாம் போட்டோ எடுக்க ஒருத்தர் ஒழுகுகிற வீட்டில் இருக்க வேண்டுமா?

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு உறைத்தது. முன்பெல்லாம் ஒரு வீட்டுச் சுவருக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கூடுவார்கள். கூலி கிடையாது, சாப்பாடு போட்டால் போதும். கிழவிகள் சொல்ல, சிறுபெண்கள் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். இப்போது சங்கம் பயிற்சி கொடுத்தால்தான் பெண்பிள்ளைகள் கற்கிறார்கள், அதுவும் விற்பனை இருந்தால்தான் வருகிறார்கள். 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது விருந்தினர் யாரும் வரவில்லை. ஓவியத்தில் காசு வரவில்லை, கூடையும் பானையும் உள்ளூர்ச் சந்தையில் போனதுதான் கை கொடுத்தது என்றார். வெளியூர்க்காரரை மட்டும் நம்பித் தொழில் வைக்கலாமா என்று நம்ம குழுவிலும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், ஞாபகம் இருக்கும்.

கூடைக்கு வருகிறேன். பொல்கா கூடை வெளிநாடெல்லாம் போகிறது. ஒரு புல்லை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, மறுபடியும் முறுக்கி ஒன்றாக்கிப் பின்னுவார்கள். உறுதி அந்த முறுக்கில்தான். ஆனால் அந்தப் புல் இப்போது பெரும்பாலும் அங்கே விளைந்தது இல்லை. நாட்டின் தெற்கிலிருந்து லாரியில் வருகிறது. பொல்காவில் மூன்று நாளுக்கு ஒரு சந்தை. ஒரு சந்தையில் புல் வாங்கி, பின்னி, அடுத்த சந்தையில் கைப்பிடி இல்லாத கூடையாக வியாபாரியிடம் விற்கணும். தோல் கைப்பிடி பிறகு வேறு ஆட்கள் போடுவது. புல் விலையைச் சொல்வதும் வியாபாரி, கூடை விலையைச் சொல்வதும் வியாபாரி. நாங்கள் போனதற்கு முந்தின மாதம், 2022 டிசம்பரில், அந்த நாட்டில் விலைவாசி ஒரு வருஷத்தில் 54 சதவீதம் ஏறியிருந்தது. கூடை விலை அந்த அளவுக்கு ஏறவில்லை என்று சந்தையில் பெண்கள் கத்தினார்கள். சேர்ந்து மொத்தமாகப் புல் வாங்குகிற குழுக்களுக்குத்தான் ஏதோ மிச்சம்.

சேமிப்பு எப்படி என்று கேட்டேன், நம்ம புத்தி எங்கே போகும். சுஸு என்று ஒரு முறை. ஒரு ஆள் தினமும் கடைக்கே வந்து காசு வாங்கி அட்டையில் குறிப்பார். தினம் 5 செடி என்றால் 31 நாளில் 155. மாதக் கடைசியில் 150 கையில் தருவார், ஒரு நாள் காசு அவருக்குக் கூலி. வட்டி கிடையாது, நாம்தான் அவருக்குக் கொடுக்கணும். நஷ்டம் ஆச்சே என்றேன். "வீட்டில் வைத்தால் இதுவும் இருக்காது" என்றார் மிளகாய் விற்ற அம்மா. இன்னொரு முறை குழுப் பெட்டி. 1991-ல் நைஜர் நாட்டில் தொடங்கி ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பெண்களிடம். மூன்று பேரும் வந்தால்தான் திறக்கும். அதற்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கி, வருஷக் கடைசியில் மொத்தத்தையும் பிரித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

கிளம்புகிற அன்றைக்கு அவர்கள் கேட்ட கேள்வி இது: "உங்க ஊரில் பெண் கடன் வாங்க வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா?" குழுக் கடனுக்கு வேண்டாம், குழுத் தீர்மானமும் உறுப்பினர் கையெழுத்தும் போதும் என்றேன். அதை அந்தப் பெண் அவர்கள் பாஷையில் சொன்னதும் ரொம்ப நேரம் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன், அவள் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை.

அங்கே வாங்கிய கூடை இது. முன்வரிசையில் கொடுக்கிறேன், கை மாற்றிப் பின்னால் அனுப்புங்கள். அடிப்பக்கத்து முறுக்கைப் பிரிக்காமல் பாருங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு கூடைக் குழுக்களோடு தனியாக உட்காரலாம்.