ஓமந்தூராரும் உழவர் நிலமும்



அண்மையில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த பள்ளி ஒன்றில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. "சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை ஓமந்தூரார் தோட்டத்தில் இருக்கிறதே, ஓமந்தூரார் மருத்துவரா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அவர் மருத்துவர் அல்லர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895ஆம் ஆண்டு பிறந்த உழவர். இராமசாமி ரெட்டியார் என்பது அவர் பெயர்.

1947 மார்ச் மாதத்தில், பிரகாசம் அவர்களுக்குப் பின், அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் பேசும் மக்கள் ஒருங்கே வாழ்ந்த பெருமாகாணம் அது. நாடு விடுதலை பெற்ற நாளில் அதன் ஆட்சிப் பொறுப்பு அவர் கையில் இருந்தது.

சாமை விதைக்கும் மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்கு ஒரு செய்தியை விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். உழுபவன் ஒருவன், அவனிடம் வரி தண்டுபவன் மற்றொருவன். அரசுக்கு ஜமீன்தார் செலுத்துவது நிலையான தொகை. குடியானவனிடம் பெறுவதோ அதனினும் மிகுதி. ஆங்கிலேயர் 1802இல் சட்டமாக்கிய இம்முறையை ஒழிக்க, ஓமந்தூரார் ஆட்சியில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. ஜமீன்தார்களுக்கு இழப்பீடு தந்து, குடியானவன் நேரே அரசுக்கு வரி செலுத்தும் ரயத்துவாரி முறையை அது கொணர்ந்தது. ஆயினும் நிலமே இல்லாத கூலியாளுக்கு அச்சட்டம் ஒரு காணி நிலமும் தரவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

தாழ்த்தப்பட்டோர் ஆலயத்துள் சென்று வழிபடும் உரிமையும், பெண்களைத் தேவதாசியராகப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்குத் தடையும் 1947இலேயே சட்டங்களாயின. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நெடுநாள் போராடியதன் பயன் இரண்டாவது சட்டம். இரண்டே ஆண்டுகளில் இத்தனை! பரபரப்பான பேச்சாளர்களைவிட இத்தகையோரையே என் மனம் பெரிதும் மதிக்கிறது.

அவருடைய கண்டிப்பு கட்சியினர் சிலருக்கு உவப்பாயில்லை. சிபாரிசுக் கடிதங்களோடு வந்தோர் ஏமாற்றத்தோடு திரும்பினர். 1949 ஏப்ரலில் அவர் பதவியினின்று விலகினார். குமாரசாமி ராஜா முதலமைச்சரானார்.

மீண்டும் அப்பதவியை நாடாமல், ஓமந்தூரார் இராமலிங்க அடிகளாரின் வடலூருக்குச் சென்றார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, ஏழைப் பிள்ளைகளின் கல்வியில் கருத்தைச் செலுத்தினார். 1970 ஆகஸ்டில் மறைந்தார்.