எந்தத் தேதியில் எழுதுவது?

வீட்டுக் கணக்கு எழுதுறதைப் பத்திப் பேசினதுக்கு அப்புறம், மணவூர்ல இருந்து ஒருத்தர் கேள்வி அனுப்பியிருக்கார். தினமும் அரக்கோணம் லைன்ல சென்னைக்கு வேலைக்கு வந்து போறவர். “கிரெடிட் கார்டுல 28-ம் தேதி ஒரு மிக்ஸி வாங்கினேன். ஸ்டேட்மென்ட்ல அது 30-ம் தேதி ஏறியிருக்கு. பணம் கட்டப்போறது அடுத்த மாசம் 20-ம் தேதி. நோட்டுல எந்தத் தேதி போடணும்?”

28-தான். மளிகைக் கடை அண்ணாச்சி பற்று நோட்டுல என்ன பண்ணுவார்? அரிசி எடுத்துட்டுப் போன அன்னிக்கே எழுதிடுவார். சம்பளம் வந்து நீங்க காசு கொடுக்கிற நாள்ல வரவு வைப்பார். கார்டும் அதேதான், அண்ணாச்சி இடத்துல வங்கி உட்கார்ந்திருக்கு. 20-ம் தேதி நீங்க கட்டுறது செலவு இல்லை, பாக்கியைத் தீர்க்கிறது. அதையும் செலவுன்னு எழுதினா ரெண்டு மிக்ஸி வாங்கின கணக்கு ஆயிடும். 20-ம் தேதி மட்டும் எழுதினா அதைவிட மோசம்: நடுவுல மூணு வாரம், பேங்க்ல இருக்கிறது முழுக்க நம்ம பணம்னு நினைச்சு அதையும் செலவு பண்ணிடுவோம். பாக்கியை முழுசா கட்டலைன்னா, வங்கியும் வாங்கின தேதியில இருந்துதான் வட்டி போடும்.

செக்கும் இதே மாதிரிதான். கொடுத்த அன்னிக்கே எழுதிடுங்க. வாங்கினவர் மூணு மாசத்துக்குள்ள எப்ப வேணா போடலாம்.

ரயில் சீசன் டிக்கெட்டை மூணு மாசத்துக்குச் சேர்த்து எடுத்தா? ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற கரண்ட் பில்? பணம் கொடுத்த நாள்ல ஒரே தொகையா எழுதினா போதும். மாசச் செலவு பார்க்கும்போது வகுத்துக்கலாம். வீட்டு நோட்டுக்கு இதுக்கு மேல நுணுக்கம் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

ஆனா சில இடத்துல தேதி நம்ம கையில இல்லை. பிபிஎஃப்-ஐ எடுத்துக்கங்க. 5-ம் தேதி முடிஞ்சதுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் கணக்குல எது குறைஞ்ச இருப்போ, அதுக்குத்தான் அந்த மாச வட்டி. செக்கா கொடுத்தா, அது பாஸாகிற நாள்தான் கணக்கு. ஏப்ரல் 4-ம் தேதி ஒன்றரை லட்சத்துக்கு செக் கொடுத்து, அது 7-ம் தேதி பாஸானா, 7.1 சதவீத வட்டியில அந்த ஒரு மாசத்துக்கு சுமார் 887 ரூபாய் போச்சு. நோட்டுல 4-னு எழுதியிருந்தாலும் போனது போனதுதான்.

பங்கு விற்கிறது இதுக்கு நேர் எதிர். மார்ச் மாசக் கடைசி வேலை நாள்ல வித்தா, பணம் அடுத்த வேலை நாள்ல, ஏப்ரல்லதான் வரும். வரிக்கு புரோக்கர் கொடுக்கிற கான்ட்ராக்ட் நோட்டுல இருக்கிற தேதிதான் செல்லும்னு 1995-லயே நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை போட்டிருக்கு. ஆக லாபம் பழைய வருஷத்தோடது. பட்டியலிட்ட பங்கை 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தீங்களான்னு பார்க்கிறதும் இந்தத் தேதிகளை வச்சுத்தான். 2024 ஜூலை 23-க்கு அப்புறம் அதுக்குள்ள வித்தா 20 சதவீதம், தாண்டி வித்தா 12.5. ஒரு நாள் தப்பினா வலிக்கும்.

ஐந்து வருஷ எஃப்டி-ல வட்டி கடைசியிலதான் கைக்கு வரும். ஆனா வங்கி வருஷா வருஷம் சேர்ந்த வட்டியை வரித்துறைக்குச் சொல்லிடும். அதனால மார்ச் 31-ல அந்த வருஷ வட்டியைத் தனி வரியா எழுதி வச்சுக்கங்க.

மத்தபடி நோட்டுல ரெண்டாவதா ஒரு சின்னத் தேதிக் கட்டம் போட்டா வேலை சுலபம். பேங்க்ல விழுந்த நாள் வேறன்னா மட்டும் அதுல எழுதுங்க. மாசக் கடைசியில பாஸ்புக்கோட ஒத்துப் பார்க்கும்போது அந்தக் கட்டம் காலியா இருக்கிற செக்குகளைக் கழிச்சுப் பாருங்க. அப்பவும் இடிச்சா, ராத்திரி பன்னெண்டு மணியை ஒட்டி அனுப்பின யுபிஐ ஏதாவது இருக்கான்னு தேடுங்க.